வாயில் தெரியும் வெள்ளை எல்லாம் புகையிலையின் வேலை அல்ல
வாயில் தோன்றும் வெண்திட்டுகளைப் பற்றிய இந்தக் கட்டுரை, தோலையும் நகத்தையும் உறுதியாக்கும் புரதமான கெரட்டின் வாய்க்குள் இருப்பதே கோளாறுதான், புகையிலைதான் அதற்குக் காரணம் என்கிற தொனியில் எழுதப்பட்டிருக்கிறது. ஈறும் மேலண்ணத்தின் கடினமான முன்பகுதியும் மெல்லும்போது ஏற்படும் உராய்வைத் தாங்க வேண்டியவை என்பதால் இயல்பிலேயே கெரட்டின் படிந்து தடித்தவை. மென்மையான உள்கன்னத்திலும் கெரட்டின் 4, கெரட்டின் 13 என்ற இரண்டும் ஜோடியாகப் பின்னி, செல்லுக்குள் சட்டமாக நிற்கின்றன. இவற்றில் ஒன்றின் மரபணு பிழைபட்டால் உள்கன்னம் இருபுறமும் வெளுத்து, பஞ்சு போல மடிப்பு மடிப்பாகத் தடிக்கும். ஒயிட் ஸ்பாஞ்ச் நீவஸ் என்ற இந்தக் குறைக்கான மரபணுப் பிழைகள் 1995இல் கண்டறியப்பட்டன. என் அப்பாவுக்கும் எனக்கும் இது உண்டு. வெற்றிலைகூடப் போடாத அவரை ஒரு பல் மருத்துவர் "புகையிலையை விடுங்கள்" என்று கடிந்துகொண்டார். திசுவில் சிறு துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்குப் பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. வலி இல்லை, புற்றுநோயாக மாறுவதில்லை, பிள்ளைக்கு வரச் சரிபாதி வாய்ப்பு. கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வெண்திட்டுக்குப் பூஞ்சை மருந்து தடவச் சொல்லியிருக்கிறார். வாயில் வழக்கமாக வரும் பூஞ்சைப் படலம் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும், இது வராது. புகையிலையோ பாக்கோ போடுகிறவருக்குப் புதிதாக வெண்திட்டு தோன்றினால் அது வேறு கதை, உடனே பரிசோதிக்க வேண்டும். ஆனால் சிறுவயது முதலே இருப்பதா, பெற்றோருக்கும் உண்டா என்ற இரண்டு கேள்விகளையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.