பனியில் மோதிரம் நீட்டப் போகும் டெல்டா தம்பிகளுக்கு

நண்பர் கூட்டத்தோடு காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளத் திட்டம். அந்தக் கூட்டத்தில் நீங்கள் விரும்பும் பெண்ணும் வருகிறாள். அங்கே அவளிடம் கல்யாணம் கேட்க, யாருக்கும் சொல்லாமல் மோதிரம் வாங்கியாகிவிட்டது. நல்லது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்ப்ரைஸாக இருக்க வேண்டியது நாளும் இடமும் மட்டும்தான். கல்யாணப் பேச்சே அவளுக்குப் புதிதென்றால் மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். "இல்லை" என்றோ "யோசிக்கணும்" என்றோ அவள் சங்கடப்படாமல் சொல்ல வழி இருக்க வேண்டும். எட்டுப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து வட்டம் கட்டிக் கத்தினால் எந்தப் பெண்ணும் தலையாட்டத்தான் செய்வாள். அதைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேதி. மார்கழி வேண்டாம், "தை பிறக்கட்டும்" என்றுதான் இரண்டு வீட்டிலும் பதில் வரும். தை மாதமோ சம்பா அறுவடை. அறுவடை மெஷினுக்கு அலைந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வருமா என்று காத்துக் கிடக்கும் அப்பாவிடம் மகள் கல்யாணத்தைப் போனில் சொல்லும் நேரமா அது? பிப்ரவரி கடைசி வாரம் சரியாக வரும். ஊரில் பெரும்பாலும் களம் ஓய்ந்திருக்கும். குல்மார்க்கில் பனி தாராளமாகக் கிடக்கும். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை, காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிரும் கழிந்திருக்கும்.

ஐந்து நாள் தங்கினால் நான்காம் நாள் காலை கேளுங்கள். நாம் கடல் மட்டத்தை ஒட்டி வாழ்கிறவர்கள். குல்மார்க்கின் உயரம் சுமார் 2,650 மீட்டர். முதல் நாள் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம், அன்று ஓய்வுதான். அடுத்த இரண்டு நாளும் விழுந்து எழுவதிலேயே போகும். ஸ்கீ பூட்ஸ் காலை அழுத்தி, கையுறை நனைந்து, எரிச்சலோடு இருப்பவளிடம் போய் இதைக் கேட்கக் கூடாது. ஐந்தாம் நாளுக்குத் தள்ளிப்போட்டால், பனி கொட்டும்போது மாற்று நாள் இருக்காது. நான்காம் நாள் கேட்டு அவள் மறுத்தாலும் மறுநாள் ஊர் திரும்பிவிடலாம். முதல் நாளே கேட்டு மறுத்துவிட்டால் மிச்ச நாளெல்லாம் ஒரே ஹோட்டலில் முகம் பார்க்க முடியாமல் இரண்டு பேரும் தவிக்க வேண்டும்.

கொண்டோலா என்ற ரோப்கார் கூண்டில் கேட்பது பலருக்கும் தோன்றும் யோசனை. வேண்டவே வேண்டாம். ஆறு பேர் உட்காரும் கூண்டு அது, முன்பின் தெரியாதவர்களும் கூட இருப்பார்கள். கதவு மூடிவிட்டால் அடுத்த நிலையம் வரை அவளால் எங்கும் நகர முடியாது. ரோப்காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறி அபர்வத் மலை மேலே போகலாம் என்றால், அங்கே சுமார் 3,900 மீட்டரில் பேசவே மூச்சு வாங்கும். காற்று பலத்தால் அந்தப் பகுதியை மூடியும் விடுவார்கள். தனிமை தேடிக் குறியிட்ட பாதையை விட்டு விலகவே கூடாது. பனிச்சரிவு தேர்ந்த சறுக்கு வீரர்களையே கொன்ற மலை அது. தொடக்கநிலையினர் பழகும் சரிவின் கீழ் ஓரம், சமதளம், யாரும் சறுக்கி வராத பக்கம், அதுதான் சரியான இடம். பத்தடியில் நடைபாதை, விரும்பினால் அவள் பாட்டுக்கு நடந்து போகலாம்.

காலில் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டையோடு முட்டி போட முயலாதீர்கள், கட்டை வழுக்கி நீங்களே அவள் காலில் போய் மோதுவீர்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள பூட்டைச் சறுக்குக் கோலின் முனையால் அழுத்தினால் பூட்ஸ் விடுபடும். பிரேக் கம்பிகள் தானாக இறங்கும். கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். பூட்ஸ் கணுக்காலை மடக்க விடாது, மேல் பக்கிள்கள் இரண்டையும் தளர்த்துங்கள். அவளும் ஸ்கீயைக் கழற்றியிருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவள் திடுக்கிட்டாலே கட்டை நகர்ந்துவிடும்.

மோதிர அளவுக்கு, அவள் அதே விரலில் போடும் மோதிரத்தின் உள்வட்டத்தைத் தாளில் வரைந்து எடுங்கள். 916 முத்திரையும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி என்ற நகை அடையாளக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் பெரிதாக எடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் சரியாக இருக்கும் மோதிரமே குளிரில் விரல் சுருங்கித் தளரும், கையுறையைக் கழற்றும்போது கூடவே வந்துவிடும். பனியில் விழுந்தால் தேடி எடுப்பது கடினம். மோதிரத்தில் ஒரு சாண் சிவப்பு நூலைக் கட்டி, மறுமுனையைப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். போட்டுப் பார்த்ததும் திரும்பப் பெட்டிக்குள், அறைக்குப் போன பிறகு விரலில். விமானத்தில் செக்-இன் பையில் போட வேண்டாம். ஸ்கேனரில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், அதனால் அவள் நிற்கும் வரிசையில் இல்லாத ஒரு நண்பனிடம் கொடுத்து வையுங்கள்.

விஷயம் இரண்டே பேருக்குத் தெரிந்தால் போதும், படம் எடுக்கும் நண்பனுக்கும் அவளுடைய நெருங்கிய தோழிக்கும். "இது அவளுக்குப் பிடிக்குமா?" என்று தோழியிடம் முதலில் கேளுங்கள். தோழி தயங்கினால் திட்டத்தைக் கைவிடுங்கள். படம் எடுப்பவன் முப்பது மீட்டர் தள்ளி நிற்கட்டும், பேச்சு காதில் விழக் கூடாது. குளிரில் பேட்டரி திடீரென்று அணைந்துவிடும், அதனால் போன் கடைசி நிமிடம் வரை சட்டையின் உள்பையில் இருக்கட்டும். வெள்ளைப் பனியில் முகம் கறுத்து விழும், திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லுங்கள்.

அவள் சரி என்று சொல்லிவிட்டால் படத்தை ஸ்டேட்டஸில் போடும் அவசரத்தை அடக்குங்கள். இங்கேதான் நம் பக்கத்தில் நல்ல காரியங்கள் கெடுகின்றன. திருவாரூரில் இருக்கும் அத்தை, பெற்ற தாய்க்கு முன்னால் பார்த்துவிட்டால் அந்த வருத்தம் கல்யாணப் பந்தி வரை வரும். முதலில் அவள் தன் அம்மாவுக்குச் சொல்லட்டும், நீங்கள் உங்கள் வீட்டுக்கு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, இருவரிடமும் போஸ்ட்பெய்டு இருக்கட்டும். "மோதிரம் மாத்திக்கிட்டோம்" என்று சொல்லாதீர்கள், நிச்சயமே முடிந்ததாக அவர்கள் காதில் விழும். "நாங்க பேசிக்கிட்டோம்மா, நீங்க பெரியவங்க வந்து பேசணும்" என்று சொல்லுங்கள். வெற்றிலை பாக்கோடு தட்டு மாற்றும் உரிமை அவர்களுடையது.

"யோசிக்கணும்" என்றால் "சரி" என்று மட்டும் சொல்லிப் பெட்டியை மூடிவிடுங்கள். ஏன் என்று அங்கே கேட்க வேண்டாம். தோழி வந்து அவளைச் சூடாக ஒரு கஹ்வா, அதாவது காஷ்மீர் தேநீர், குடிக்க அழைத்துப் போகட்டும். படம் எடுத்தவன் அதே இடத்தில், உங்கள் கண் முன்னாலேயே, எல்லாவற்றையும் அழிக்கட்டும்.