எடையை மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும்

"சின்னக் கேரவன் பெட்டி வெறும் 500 கிலோதான், வானுக்குப் பின்னால் கொழுவினாலும் டீசல் செலவு கூடாது" என்று ஒரு தம்பி எழுதியது பாதிதான் சரி. மட்டக்களப்பில் இருந்து அறுகம்பை வரை ரோட்டு பெரும்பாலும் தட்டை. அங்கே ஒரே வேகத்தில் ஓடும்போது எடை பெரிய பிரச்சினையே இல்லை. டீசலைக் குடிப்பது காற்றுத்தான். பெட்டியின் முகப்பு வானைவிட உயரமாகவோ அகலமாகவோ இருந்தால் அது ஒரு சுவரை இழுத்துக்கொண்டு போவது மாதிரி. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: மணிக்கு 60 கிலோமீற்றரில் இருந்து 80க்குப் போனால் தடை ஏறக்குறைய 78 சதவீதம் அதிகம். அதே 500 கிலோ ஒரு தாழ்வான ட்ரெய்லரும் அதில் ஏற்றிய சீமெந்து மூட்டையுமாக இருந்தால் இவ்வளவு குடிக்காது.

எடை தன் வேலையைக் காட்டுவது செங்கலடியால் திரும்பிப் பதுளைக்கு மலை ஏறும்போது. அப்புறம், நின்று நின்று எடுக்கும் இடங்களில் (கல்முனை டவுனுக்குள் யார்தான் நிற்காமல் போகிறார்கள்!).

60ஐ ஒட்டி ஓடிப் பாருங்கள், வித்தியாசம் டேங்கிலேயே தெரியும். பெட்டியின் டயருக்கும் காற்றுப் பாருங்கள். பலர் வானின் டயரை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.