பறவைக் கூட்டைப் படம் எடுக்க வேண்டாம், ஆண்டு முழுக்க வேறு படங்கள் இருக்கின்றன

பங்குனிக் கடைசியில் தொடங்கி ஆடி வரைக்கும் என் முகநூல் பக்கம் பறவைக் கூடுகளால் நிரம்பிவிடுகிறது. வாயைப் பிளந்து நிற்கும் குஞ்சுகள், அலகில் புழுவோடு வந்து இறங்கும் தாய், முட்டைமேல் கண்ணை மூடிக் கிடக்கும் பறவை. கீழே "அருமை", "தாய்மைக்கு ஈடேது", "என்ன லென்ஸ் அண்ணா?" என்று வரிசையாகக் கருத்துகள். படம் எடுத்தவர்களில் பலர் என் நண்பர்கள். அவர்களுக்கு மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன். கூட்டுப் படம் எடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். யாராவது எடுத்துப் போட்டால் அதற்கு விருப்பக்குறி இடுவதையும் நிறுத்த வேண்டும்.

ஆள்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை, சிவகங்கைப் பக்கம் சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கினால் அதன் குரல் கேட்காமல் இருக்காது. அது கூடென்று எதையும் கட்டுவதில்லை. வெறுந்தரையில் லேசாக ஒரு குழி பறித்து, சுற்றிலும் பொடிக்கற்களையோ ஆட்டுப்புழுக்கையையோ சேர்த்து, நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அந்த முட்டைகள் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உச்சி வெயிலில் அந்தப் பறவை முட்டைக்கு மேலே காலை ஊன்றி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டை வெந்துபோகாமல் இருக்க நிழல் தருகிறது. ஆணும் பெண்ணும் முறை வைத்து நிற்கும். இடையில் ஒன்று போய், மிச்சமிருக்கும் தண்ணீரில் வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும்.

இப்போது நம் ஆள் கேமராவோடு வருகிறார். அவர் பார்ப்பதற்கு முன்பே பறவை எழுந்து குனிந்தபடி ஓடிவிடும். கொஞ்ச தூரம் போய்ப் பறந்து, தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். இவர் தேடிப்பிடித்து முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இவர் எழுந்து போகும்வரை அது திரும்பப்போவதில்லை. செருப்பில்லாமல் நம்மால் கால் வைக்க முடியாத அந்தத் தரையில் நான்கு முட்டைகளும் வெயிலில் கிடக்கின்றன. ஆள் எங்கே குனிகிறார் என்று மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் இவருக்குக் கிடைப்பது சிறகை விரித்து அலறும் பறவையின் படம். அதற்குக் "கோபக்கார ஆள்காட்டி" என்று தலைப்பு வேறு. பிள்ளையைக் காப்பாற்றக் கதறும் ஒரு பறவையின் படம் அது. அதைப் பார்த்து எனக்கு ரசிக்க வரவில்லை.

முக்குளிப்பான் மிதக்கும் கூட்டைவிட்டு இறங்கும்போது பாசியையும் இலையையும் இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். கரையில் திடீரென்று ஆள் முளைத்தால் மூட நேரமில்லாமல் தண்ணீருக்குள் பாய்ந்துவிடும், முட்டை வெட்டவெளியில் கிடக்கும். புதருக்குள் இருக்கும் சின்னக் கூடுகளின் நிலைமை இன்னும் மோசம். "குறுக்கே ஒரு கிளை வருகிறது" என்று அதை ஒடித்துவிடுகிறார்கள். அந்தக் கிளைதான் குஞ்சுக்கு நிழல், செம்போத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் திரையும் அதுவே. சமீப காலமாக ட்ரோனும் சேர்ந்துகொண்டது. நாரைகள் கூடுகட்டியிருக்கும் மரங்களுக்கு மேலே அது வந்தால் பெரிய பறவைகள் மொத்தமாக எழும்பும். அந்தத் தள்ளுமுள்ளில் பறக்கத் தெரியாத குஞ்சு கீழே விழுந்தால் தூக்கிவிட யாரும் இல்லை.

"நான் தொடவே இல்லையே, என்ன தப்பு?" என்பார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு உள்ள வரையறையை ஒருமுறை படித்துப் பாருங்கள். காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அதில் அடங்கும். துப்பாக்கி எடுத்தவருக்கு மட்டும் எழுதப்பட்ட சட்டம் இல்லை.

வேடந்தாங்கல் கரையில் நின்று எடுப்பதைக்கூட நான் தவறென்று சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அங்கே கூடுகள் தண்ணீருக்கு நடுவில் கடம்ப மரங்களில் இருக்கின்றன, நாம் கரையில் நிற்கிறோம், பறவைகள் தம் பாட்டுக்கு இரை கொண்டுவருகின்றன. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். நான் வந்த பிறகு பறவை தான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்துகிறதா? நிறுத்தினால் நான் அங்கே நிற்கக் கூடாது.

எனக்கு உண்மையில் ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. கூட்டைத் தேடி ஓடுகிறவர்கள், ஒரு கண்மாய் ஆண்டு முழுக்கத் தரும் காட்சிகளில் பாதியைப் பார்ப்பதே இல்லை. புரட்டாசியில் கண்மாய் காய்ந்து கிடக்கிறது என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். வாலாட்டிகள் வந்து இறங்குவது அப்போதுதான். அதே நாட்களில் புல்வெளிக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் கூட்டங்கூட்டமாக மிதக்கும். அவற்றில் ஒரு வகை கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இத்தனூண்டு பூச்சி! அதைப் படமெடுக்க அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸும் வேண்டியதில்லை.

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் ஆறுமணிக்குருவி வரும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவில் பறந்து வரும் பறவை. களைத்துப்போய்ச் சில சமயம் வீட்டுக் கொல்லையிலேயே விழுந்து கிடக்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் கூப்பிடுவதால்தான் அந்தப் பெயர். இதன் குரலைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டு வெளியே இழுத்து எடுக்கிறார்கள். தன் இடத்துக்கு வேறொரு பறவை போட்டிக்கு வந்துவிட்டது என்று நினைத்து அது பதறி வருகிறது. அத்தனை தூரம் பறந்து வந்த உடம்புக்கு இரை தேட வேண்டிய நேரம் அது. சருகு மெத்தையாகக் கிடக்கும் இடத்தில் மரத்தோடு மரமாக உட்கார்ந்து பாருங்கள். சருகைப் புரட்டிக்கொண்டே அதுவாக வரும். வராமலும் போகும்.

மழைக்காலத்தில் கேமராவைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறவர்கள் அதிகம். லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்ற பயம் நியாயமானதுதான், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைத்தால் சமாளிக்கலாம். ஆனால் கொக்கை எடுப்பதற்குக் கார்த்திகை மேகத்தைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. வெயிலில் எடுத்த வெள்ளைக் கொக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரே வெளுப்பாக இருக்கும். மேகமூட்டத்தில் எடுத்தால் ஒவ்வொரு இறகின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும். மழையில் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் வழியும்போது மீன் ஏறும். அங்கே நிற்கும் மடையான்களும் நீர்க்காகங்களும் நம்மைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தை, மாசிதான் எல்லோரும் வரும் காலம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தண்ணீரில் நிறைந்திருக்கும். சேற்றுப்பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் கண்மாயே ஒருசேர எழும்பும். அந்த ஒரு காட்சிக்காகக் கரையில் காலை முழுக்க உட்காரலாம். ஆனால் உட்காருவதில்லை. மோட்டார் சைக்கிளைக் கரைமேலேயே ஓட்டிப்போய் வாத்துகளைக் கிளப்பிவிட்டு எடுக்கிறார்கள். பருந்துக்குப் பயந்து எழும்பிய கூட்டத்தையும் வண்டிக்குப் பயந்து எழும்பிய கூட்டத்தையும் படத்தில் பிரித்தறிய முடியாது என்று நினைக்கிறார்கள் போலும். கொஞ்ச நாள் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பங்குனியை நான் தனியாகச் சொல்ல வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வந்து சோளக்காட்டையும் கருவேலங்காட்டையும் சுற்றிக்கொண்டிருந்த சூறைக்குருவிகள் ஊர் திரும்புவதற்கு முன் நிறம் மாறி நிற்கும். புது இறகு முளைத்து வரும் நிறமில்லை அது. குளிர்காலம் முழுக்க இறகு நுனியில் இருந்த மங்கலான விளிம்பு தேய்ந்து உதிர்ந்து, அடியில் இருந்த பளபளக்கும் கருப்பும் ரோஜா நிறமும் வெளியே வருகின்றன. மார்கழியில் எடுத்த படத்தையும் பங்குனியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்ணிக்கொக்கின் தலையில் ஏறும் செம்மஞ்சளும், மடையானின் முதுகில் படரும் கருஞ்சிவப்பும் பருவம் வந்தால் தெரியும், போனால் மறையும். இவற்றை எடுக்கக் கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டிய தேவையே இல்லை. வயலோரம் மாட்டோடு மாடாக நடக்கும் கொக்கை எடுத்தால் போதும். சித்திரை வெயிலில் காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படம் கலங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். தரையிலிருந்து எழும் கானல் அது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. வீட்டுக்குப் போய்விடுங்கள், பறவையும் நிழலில் இளைப்பாறட்டும்.

எந்தக் கண்மாய் என்று நான் எழுதவில்லை. அது மறதியில்லை. கூடு இருக்கும் இடம் வெளியில் தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறுகளும் கழுகுகளும் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் எந்தப் பாறையில், எந்த இடுக்கில் என்பதைப் படத்தோடு போடக் கூடாது.

பறவைக்கு இடைஞ்சல் செய்யாமல் இருப்பது நகரத்துப் படித்தவர்கள் கண்டுபிடித்த புதுக் கொள்கை என்று சிலர் எழுதுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் கொள்ளுக்குடிப்பட்டி ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, கண்மாயில் பறவை அடைகாக்கிறது என்பதால். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் 1798லேயே அன்றைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளுக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுத்தில் வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்ச நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒரு தீபாவளியையே விட்டுக்கொடுக்கும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில் நம்மால் ஒரு படத்தை விட்டுக்கொடுக்க முடியாதா?

பறவைப்படக் குழுக்களை நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். கூடு, முட்டை, கூட்டைவிட்டு இறங்காத குஞ்சு, இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்தப் படத்தை ஏற்காதீர்கள். போட்டி நடத்துகிறவர்கள் விதிமுறையில் இதை முதல் வரியாகப் போடுங்கள். படத்தோடு தேதி கேளுங்கள். மாவட்டப் பெயர் போதும், துல்லியமான இடம் வேண்டாம். பின்னணியை முழுக்க மங்கலாக்கிப் பறவையை மட்டும் வெட்டியெடுத்த படத்துக்கே எப்போதும் பரிசு கொடுக்காமல், சேறும் நாணலும் கருவேலமும் தெரிய, அது எந்த மாதத்துக் கண்மாய் என்று சொல்லும் படத்துக்கும் கொடுங்கள்.

"கூட்டைக் காட்டினால்தானே குழந்தைகளுக்குப் பறவைமேல் ஆசை வரும்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதற்குக் கூட்டி வாருங்கள் என்றேன். மூழ்கிய முக்குளிப்பான் எந்த இடத்தில் எழும்பும் என்று பந்தயம் கட்டும் குழந்தைக்கு அதற்குமேல் ஆசை ஊட்ட வேண்டியதில்லை. இந்தத் தையிலும் நாங்கள் விடியற்காலையில் கரையில் இருப்போம். கேமரா இல்லாதவர்களும் வரலாம், பைனாகுலர் என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது.