திரைச்சீலைச் சட்டை

கோமதி: கூடத்து ஜன்னலில் தொங்கிய லேஸ் திரைச்சீலையைக் காணவில்லையே?

பரமசிவம்: (கதவுக்குப் பின்னாலிருந்து) எங்கும் போய்விடவில்லை. என் கழுத்தில்தான் இருக்கிறது.

கோமதி: வெளியே வாருங்கள்... ஐயோ! இது என்ன, தாடைக்குக் கீழே முட்டைக்கோஸ் முளைத்திருக்கிறது?

பரமசிவம்: நியூ ரொமான்டிக் என்ற உடுப்புப் பாணி, கோமதி. 1979-இல் லண்டன் கோவன்ட் கார்டனில் பிளிட்ஸ் என்று ஒரு வைன் பார். செவ்வாய்க்கிழமை ராத்திரி அங்கே இப்படித்தான் வருவார்கள்.

கோமதி: செவ்வாயோ வெறுவாயோ என்று நம் வீட்டில் நகம்கூட வெட்டமாட்டோம். அவர்கள் ஆட்டம் போட்டார்களா?

பரமசிவம்: அன்றைக்குத்தானே கடை ஈயோட்டும்! ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் என்ற வேல்ஸ்காரரும் ரஸ்டி ஈகனும் அந்த நாளைப் பிடித்துக்கொண்டார்கள். ஈகன் இசைத்தட்டு போடுவார். ஸ்ட்ரேஞ்ச் வாசலில் நிற்பார்.

கோமதி: டிக்கெட் கிழிக்கவா?

பரமசிவம்: ஆளைக் கிழிக்க! உடுப்பு சாதாரணமாக இருந்தால் உள்ளே விடமாட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரையே திருப்பி அனுப்பினார் என்று இன்றும் கதை சொல்கிறார்கள்.

கோமதி: உள்ளே இருந்தவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்களோ?

பரமசிவம்: நீ வேறு! ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள், வேலையில்லாதவர்கள். ஆளில்லாத பாழ்வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருந்தவர்களும் உண்டு. பழந்துணிக் கடையில் பொறுக்கியதை வெட்டித் தைத்து, பாதிரியார், கடற்கொள்ளைக்காரன், மகாராணி என்று வருவார்கள். ஆண்களும் கண்ணுக்கு மை, கன்னத்துக்குச் சிவப்பு.

கோமதி: குடிக்கிறது கூழ், கொப்பளிக்கிறது பன்னீர்.

பரமசிவம்: அங்கே கோட்டுகளை வாங்கி மாட்டிய பையன் யார் தெரியுமா? பாய் ஜார்ஜ்! 1982-இல் அவர் குழுவின் பாட்டு இங்கிலாந்தில் முதலிடம்.

கோமதி: இவ்வளவு அமர்க்களம் ஏன் நின்றது? போலீஸ் வந்ததா?

பரமசிவம்: பாடகர் டேவிட் போவி வந்தார். 1980-இல். அவரைப் பார்த்துத்தான் இவர்கள் மை தீட்டவே பழகினார்கள். கும்பிட்ட சாமி குடிசைக்குள் நுழைந்ததுபோல ஆகிவிட்டது. ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் மூன்று பேரையும் அழைத்துப்போய்த் தன் பாட்டு வீடியோவில் கடற்கரையில் நடக்கவிட்டார். ஆகஸ்டில் அந்தப் பாட்டு முதலிடம். நாடே பார்த்துவிட்டது. அக்டோபரோடு பிளிட்ஸ் செவ்வாய்கள் முடிந்தன. அப்புறம் கொசுவம் வைத்த சட்டை கடைக்குக் கடை தொங்கியது.

கோமதி: ஓ! போன தீபாவளிக்கு நான் எடுத்த மயில் கழுத்துப் புடவையையே எதிர்வீட்டுக்காரியும் கட்டி வந்தாளே, அதுபோல.

பரமசிவம்: அப்புறம் அதைத் தொட்டாயா நீ?

கோமதி: பீரோவில் கிடக்கிறது. சரி, இந்தக் கோலத்தில் எங்கே கிளம்பினீர்கள்?

பரமசிவம்: உன் தம்பி மகள் கல்யாண வரவேற்புக்கு.

கோமதி: (சற்று யோசித்து) அந்த வாசல்காரர் ஆளை எப்படித் திருப்பி அனுப்புவார்?

பரமசிவம்: முகத்துக்கு நேரே கண்ணாடியை நீட்டி, 'நீயாக இருந்தால் உன்னை உள்ளே விடுவாயா?' என்று கேட்பாராம்.

(கோமதி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கைக்கண்ணாடியுடன் வருகிறாள். பரமசிவம் இடமும் வலமுமாகத் திரும்பி, ஒரு மடிப்பை நீவிவிட்டுக்கொள்கிறார்.)

பரமசிவம்: விடுவேன்.

கோமதி: நான் விடமாட்டேன். எதிர்வீட்டுத் தாத்தா நம் கூடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கழற்றி ஜன்னலில் மாட்டுங்கள்.

பரமசிவம்: தையல்காரர் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டாரே!

கோமதி: அப்படியானால் நான் வரவேற்புக்குப் போய்வரும்வரை நீங்களே ஜன்னலில் நில்லுங்கள்.