வேலூருக்கு ஊர்வலம் அப்புறம்

ஜூன் மாதம் சென்னையில் தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் வானவில் ஊர்வலம் போல வேலூரிலும் வேண்டும், பெண்ணியக் கூட்டங்களில் லெஸ்பியன் பெண்களை மேடையேற்ற வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எண்ணம் நல்லதுதான். ஆனால் கோட்டை வாசலில் முகம் காட்டி நின்றால், சாயங்காலத்துக்குள் போட்டோ சித்தப்பா வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். அப்புறம் போனைப் பிடுங்குவார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

கற்பனை இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போன ஆட்கொணர்வு மனு ஒன்று நம் வேலூர் மாவட்ட விவகாரம்தான். பெற்றோர் பிடித்து வைத்திருந்த 25 வயதுப் பெண்ணுக்காக அவருடைய இணையான பெண் மனு போட்டார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, அவரை விருப்பப்படி போகவிட்டது. குடும்பமாக வாழக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்றது. மெத்தனமாக இருந்த போலீசையும் கண்டித்தது. எங்கள் பக்கத்து மகளிர் தினக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோலப்போட்டி மட்டும் தவறாமல் நடந்தது!

ஊர்வலத்துக்குப் பதிலாக இப்போதைக்குக் கூடிப் பேச, ஞாயிறு மதியம், பெண்கள் மட்டும், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை போதும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. போட்டோ, கையெழுத்து நோட்டு எதுவும் வேண்டாம். தீர்ப்பைத் தமிழில் நாலு பக்கமாக அச்சடித்து, உதவிக்கு வரும் பெண் வக்கீலின் நம்பரையும் கொடுங்கள். அதை ‘டெய்லர் அக்கா’ என்று போனில் போட்டுக்கொள்வார்கள். சென்னைத் தோழிகள் வர நினைத்தால், காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான்.