டிரம்ஸ் யார்?

பழைய ராக் இசைக்குழு ஒன்று மறுபடி சேரப்போகிறது என்று செய்தி வந்தால், நண்பர்கள் அதை முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். நான் துள்ளிக் குதிப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் பதிலுக்கு இரண்டே சொல் அனுப்புவேன்: டிரம்ஸ் யார்?

வம்புக்காகக் கேட்பதில்லை. கல்லூரியில் மூன்று வருடம் டிரம்ஸ் வாசித்தவன் நான். சுமாராகக்கூட இல்லை, மோசமாகவே வாசித்தேன். இருந்தாலும் அந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். பாடகர் மாறினால் கேட்பவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். டிரம்ஸ்காரர் மாறினால் என்ன மாறியது என்று அவர்களுக்குப் பிடிபடாது. தெரிந்த பாட்டு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்து நிற்பதுபோல் இருக்கும். நம் ஊர்க் கச்சேரி ரசிகர்களிலும் மிருதங்கம் யார் என்று கேட்டுவிட்டே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி.

பிரிந்துபோன குழுக்கள் மறுபடி மேடையேறலாமா என்றால், ஓர் இரவுக்கு ஏறலாம் என்பேன். ஒன்றரை வருடம் ஊர் ஊராகப் போவதற்கென்றால் அது வேறு தொழில். அதைச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டு; அதைப் பார்த்துக் கண்கலங்க வேண்டிய கடமை எனக்கில்லை.

லெட் செப்பெலின் குழுவிலிருந்து தொடங்குகிறேன். 1980 செப்டம்பர் 25 அன்று அதன் டிரம்ஸ்காரர் ஜான் போன்ஹம் இறந்தார். வயது 32. அந்த டிசம்பர் 4ஆம் தேதி மற்ற மூவரும் சிறிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். நண்பனை இழந்த பிறகு இப்படியே தொடர முடியாது என்பது அதன் சாரம். வேறொருவரை உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தால் அரங்கங்கள் நிறைந்திருக்கும். கடையை மூடிவிட்டார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

அப்படி இருந்தவர்கள் 1985 ஜூலை 13 அன்று சறுக்கினார்கள். எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட், ஃபிலடெல்பியாவின் ஜே.எஃப்.கே. ஸ்டேடியம். போன்ஹம் இடத்தில் இரண்டு பேர்: டோனி தாம்ப்ஸன், ஃபில் காலின்ஸ். காலின்ஸ் அன்று பகலில்தான் லண்டன் வெம்ப்ளியில் பாடிவிட்டு, கான்கார்ட் விமானம் ஏறி அட்லான்டிக்கைக் கடந்து வந்திருந்தார். ஒத்திகை என்று சொல்லத்தக்க எதுவும் அவரோடு நடக்கவில்லை. பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஜிம்மி பேஜின் கிட்டாரில் சுருதி சேரவில்லை. இரண்டு டிரம்ஸும் ஒரே நிறுத்தத்தில் முந்தப் பார்க்கும் இரண்டு தனியார் பஸ்கள்போல் உறுமின. 2004இல் அந்த நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது, தாங்கள் வாசித்த பகுதியைச் சேர்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு 2007 டிசம்பர் 10. லண்டன் ஓ2 அரங்கம். அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அஹ்மெத் எர்டெகன் நினைவாக ஒரே ஒரு கச்சேரி. சுமார் 20,000 இருக்கைகளுக்கு இரண்டு கோடி விண்ணப்பங்கள் வந்ததாகச் சொன்னார்கள். குலுக்கல் போட்டுத்தான் டிக்கெட் கொடுத்தார்கள். பேஜுக்கு விரலில் எலும்பு முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போய் நடந்தது. டிரம்ஸ் யார்? ஜேஸன் போன்ஹம். அப்பா இறந்தபோது பதினான்கு வயதுப் பையன்.

அந்தக் கச்சேரியின் படம் 2012இல் வந்தது. எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அவ்வளவு அகலமான மேடையில் மூன்று கிழவர்களும் பெரும்பாலும் டிரம்ஸை ஒட்டியே நிற்கிறார்கள், குளிருக்குக் கணப்பைச் சுற்றி நிற்பதுபோல. ஒரு பாட்டின் கடினமான வளைவு ஒன்றைத் தாண்டியதும் பேஜ் திரும்பி ஜேஸனைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை ஒத்திகை பார்த்து வரவழைக்க முடியாது என்பது என் எண்ணம்.

உலகமே அடுத்து சுற்றுப்பயணம் என்று காத்திருந்தது. பிளான்ட் வரவில்லை. ஆலிஸன் க்ராஸ் என்ற புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) பாடகியோடு மெல்லிய குரலில் பாடப் போய்விட்டார். அந்த இசைத்தொகுப்பு 2009இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. பேஜும் பாஸ் கிட்டார் வாசித்த ஜான் பால் ஜோன்ஸும் ஜேஸனும் வேறு பாடகர்களை வைத்து முயன்று பார்த்து, கடைசியில் கைவிட்டார்கள். ரசிகர்கள் பிளான்ட்டைத் திட்டித் தீர்த்தார்கள். நானும் திட்டினேன். இப்போது யோசித்தால் அந்த நால்வரில் நிதானமாக இருந்தது அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. அந்த இரவைத் தாண்டி இன்னொரு நூறு இரவு வாசித்திருந்தால், பேஜின் சிரிப்பு எழுபதாவது ஊரில் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள மற்றவர்களைப் பார்த்தால் போதும். ஈகிள்ஸ் 1980இல் பிரிந்தபோது நரகம் உறைந்தால்தான் மறுபடி சேர்வோம் என்றார்கள். 1994இல் சேர்ந்தார்கள். நூறு டாலருக்கும் மேல் டிக்கெட் விற்றார்கள். 2001இல் கிட்டார் வாசித்த டான் ஃபெல்டரை வெளியே அனுப்பினார்கள், அவர் பங்குத் தகராறோடு வழக்குப் போட்டார். இதில் இசை எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். தி ஹூவின் கதை இன்னும் மோசம். 2002 ஜூன் 27 அன்று, சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், பாஸ் கிட்டார் வாசித்த ஜான் என்ட்விஸில் லாஸ் வேகஸ் விடுதியறையில் இறந்து கிடந்தார். ஜூலை 1 அன்று மாற்று ஆளோடு மேடையேறிவிட்டார்கள். டிரம்ஸ்காரர் கீத் மூன் 1978இல் இறந்தபோதே நிறுத்தாதவர்கள். ஒப்பந்தம், ஊழியர்கள், நஷ்டஈடு என்று காரணங்கள் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பதினாறாம் நாள் காரியம்கூட முடியாமல் கச்சேரியா என்று கேட்கும் கிராமத்துக்காரன் ஒருவன் எனக்குள் இருக்கிறான்.

தி போலீஸ் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அதன் கதாநாயகன் டிரம்ஸ்காரர். 2007 மே மாதம் வான்கூவரில் தொடங்கிய அவர்களுடைய சுற்றுப்பயணத்தில் இரண்டாவது இரவு முடிந்ததும், ஸ்டூவர்ட் கோப்லண்ட் தன் இணையதளத்தில் உட்கார்ந்து தங்கள் கச்சேரிக்குத் தாங்களே விமர்சனம் எழுதினார். எந்தப் பாட்டு எங்கே தாளம் தப்பியது, பாடகர் ஸ்டிங் குதித்த குதி எப்படி இருந்தது, தான் எங்கே கோட்டைவிட்டேன் என்று ஒன்று விடாமல் போட்டுடைத்தார். மாபெரும் தி போலீஸ் நடுக்கடலில் தத்தளிக்கிறது என்பதுபோல எழுதினார். காசு கொடுத்து வந்த ரசிகன் எழுத வேண்டியதை மேடையில் இருந்தவரே எழுதிய அந்த நேர்மைக்கு நான் அடிமை. ஆனாலும் வண்டி நிற்கவில்லை. பதினான்கு மாதம் ஓடி, சுமார் 36 கோடி டாலர் வசூலித்துவிட்டு, 2008 ஆகஸ்டில் நியூயார்க்கில் நின்றது. அதன்பின் புதிய பாட்டு ஒன்றுகூட வரவில்லை.

ஜெனிசிஸ் பற்றி இரண்டு வரி. கான்கார்டில் பறந்துவந்து இன்னொருவர் முக்காலியில் உட்கார்ந்த அதே ஃபில் காலின்ஸ், 2022 மார்ச் 26 அன்று லண்டனில் தன் குழுவின் கடைசிக் கச்சேரியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். முதுகும் நரம்பும் கெட்டு, குச்சி பிடிக்கும் தெம்பு கையில் இல்லை. பின்னால் டிரம்ஸில் இருபது வயது மகன் நிக். அதை முழுதாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி என் மனதை மாற்றிய இரவு. 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம், வில்லா பார்க் கால்பந்து மைதானம். பிளாக் சபாத் குழு.

அதற்கு முந்தைய நாள்தான் கார்டிஃப்பில் ஒயாசிஸ் சகோதரர்கள் பதினாறு வருடச் சண்டையை மறந்து மேடையேறினார்கள். 150 பவுண்ட் என்று வரிசையில் நின்ற டிக்கெட், முறை வரும்போது 350ஐத் தாண்டியது என்று பிரிட்டனே கொதித்த விவகாரம் அது. வில்லா பார்க்கிலும் டிக்கெட் மலிவில்லை. ஆனால் வருமானம் பார்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், பர்மிங்ஹாமின் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தத் திடல் இருப்பது ஆஸ்டன் பகுதியில். 1968இல் குழுவைத் தொடங்கிய நான்கு தொழிலாளர் வீட்டுப் பையன்களும் வளர்ந்த வட்டாரம் அதுதான்.

கிட்டார் வாசிக்கும் டோனி அயோமியின் விரல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் குழுவைப் பற்றிப் பேச முடியாது. பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை. வேலையைவிட்டு நிற்கும் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக வேண்டாம் என்று நினைத்தாராம். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவிட்டார். அன்று பிற்பகல் இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அவர் இடதுகைக்காரர், தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். வலி தாங்க, தந்திகளைத் தளர்த்தினார். ஹெவி மெட்டலின் அந்த இருண்ட, கனத்த ஒலிக்கு அந்தத் தளர்ந்த தந்திகளும் ஒரு காரணம். ஒரு குழுவின் ஒலி என்பது குறிப்பிட்ட சில உடம்புகளின் ஊனமும் பழக்கமும் சேர்ந்த ஒன்று. அதனால்தான் மாற்று ஆள் என்றதும் எனக்குச் சுருக்கென்கிறது.

இந்தக் குழு 2017 பிப்ரவரி 4 அன்று, இதே ஊரில், ஏற்கெனவே ஒருமுறை விடைபெற்றிருந்தது. அன்று டிரம்ஸில் பில் வார்ட் இல்லை. கையெழுத்துப் போடத்தக்க ஒப்பந்தம் தனக்குத் தரப்படவில்லை என்று 2012இலேயே சொல்லி விலகியிருந்தார். முடிவு விழா என்று பெயர் வைத்து, தொடங்கியவர்களில் ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு நடத்தினார்கள். பந்தியில் அண்ணனைக் கூப்பிடாத கல்யாணம் மாதிரி.

2025இல் வார்ட் வந்தார். 77 வயது. நால்வரும் சேர்ந்து வாசித்து இருபது வருடம் ஆகியிருந்தது. பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் பார்கின்சன் நோயால் நிற்க முடியாமல், மேடைக்கு அடியிலிருந்து கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி மேலெழும்பினார். சபாத் வாசித்தது நான்கே பாட்டு. வார்ட் அந்தக் காலத்தைப்போலச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தளர்ந்த மார்போடு வாசித்தார். அங்கங்கே வேகம் குறைந்தது. எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. வார்டின் கை எப்போதுமே தாளத்தின் பின்னால் சாய்ந்து நடக்கும் கை. 2017இல் இருந்தவர் துல்லியமாக வாசித்தார். இந்தச் சாய்வு அதில் இல்லை. ஓஸி எழ முயன்று, முடியாமல், சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்ததை நள்ளிரவு கடந்து செல்பேசியின் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று அவர் இறந்தார்.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். இருபத்திரண்டு வயது, என்னைவிட அதிகம் கேட்கிறவள். "மாமா, ஒரே இரவு என்றால் அது லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருப்பவர்களுக்குத்தானே? அவர்கள் ஊர் சுற்றினால்தானே நம் பக்கம் வருவார்கள்? நீங்கள் மட்டும் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காதே என்கிறீர்கள்" என்றாள்.

பதில் சொல்ல முடியவில்லை. 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கு வந்தது உலகச் சுற்றுப்பயணத்தில்தான். அதற்கு இரவு பஸ் பிடித்துப் போனவன் நான். அவர்கள் பிரிந்து சேர்ந்தவர்கள் இல்லை என்று சமாளிக்கலாம். அது அவள் கேள்விக்குப் பதிலாகாது. அன்று எல்லோரும் மிக் ஜாகரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸின் வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்நேர் என்ற நடு டிரம்மை அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளிலிருந்து அந்தக் கையை லேசாக எடுத்துவிடுவார். கேசட்டில் வருடக்கணக்காகக் கேட்ட அந்த மூச்சுவிடும் இடைவெளி எப்படி வருகிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். 2021இல் அவரும் போய்விட்டார்.

இப்போது ரஷ் என்ற குழு வேறு வந்து என் விதிமுறையைக் குழப்புகிறது. அதன் டிரம்ஸ்காரர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்தார். கடைசியாக அவர் ரஷ்ஷோடு வாசித்தது 2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில். மீதி இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் 2026இல் சுற்றுப்பயணம் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள், தொடக்கம் அதே ஃபோரம் அரங்கில். பியர்ட்டின் மனைவியும் மகளும் மனமாரச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். டிரம்ஸ் யார் என்ற என் கேள்விக்குப் பதில், அனிகா நில்லஸ் என்ற ஜெர்மன்காரர். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் கடைசிக்காலச் சுற்றுப்பயணத்தில் வாசித்தவர்.

என் கணக்குப்படி இது கூடவே கூடாது. இறந்தவரின் முக்காலி, ஓர் இரவில்லை, முழுச் சுற்றுப்பயணம். ஆனால் செய்தி வந்த அன்றிரவே நில்லஸ் வாசித்த வீடியோக்களைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். எண்ணி எண்ணிப் பார்த்தும் அவர் கால் என்ன செய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அக்கா மகளுக்கு ஒன்றை அனுப்பினேன். "அப்படியானால் சேரலாமா, மாமா?" என்று கேட்டாள். முதலில் அந்த இடது காலைப் பார் என்று பதில் போட்டேன்.