ஹெட்போன் அறுபது மணி நேரம் ஓடுமாம், என் காது இருபது நிமிடம்தான் தாங்குகிறது

"ஏம்மா, உன் காதில் எறும்பு ஊர்கிறது பார்" என்றார் எதிர் இருக்கையில் இருந்த அம்மாள். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் காலை மின்ரயில், பல்லாவரம் தாண்டியிருந்தது. பதறிப்போய்த் தட்டினேன். எறும்பு இல்லை. கறுப்பாக, மிளகுத் தோல் போல ஒரு செதில். தட்டத் தட்ட இன்னும் நாலைந்து விழுந்தன. கன்னத்தில், கழுத்தில், அன்றைக்கென்று பார்த்துப் போட்டுவந்த வெளிர்மஞ்சள் துப்பட்டாவில். ஒன்பது மாதங்களுக்கு முன் 1,499 ரூபாய் கொடுத்து வாங்கிய ஹெட்போனின் காது மெத்தை உரிந்து என்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.

கிண்டியில் இறங்கி, அலுவலகம் போய் முகத்தைக் கழுவும்போது ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை. அதைக் கொட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச விலை 4,999. எனக்குக் கிடைத்தது 70 சதவீதத் தள்ளுபடியில். ஐந்தாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கொடுத்து அதை எவராவது வாங்கியிருந்தால் அவரைத் தேடிப்போய்க் காலில் விழுந்து கும்பிடத் தயார். அப்படி ஒருவர் பிறந்திருக்கவே மாட்டார். அந்த விலை யாரும் கொடுப்பதற்காக அச்சிடப்பட்டதில்லை, அடித்துக் காட்டுவதற்காகவே அச்சிடப்பட்டது.

பெட்டியைச் சுற்றிலும் எண்கள். அறுபது மணி நேரம் ஓடும். 40 மில்லிமீட்டர் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் தட்டு. புளூடூத் 5.3. நான் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் ஓர் எண்கூட இல்லை. காதை எவ்வளவு அழுத்தும்? காது நுழையும் குழி எவ்வளவு அகலம்? மெத்தை போனால் மாற்று மெத்தை எங்கே கிடைக்கும்? அம்மாவிடம் பேசினால் அவருக்குக் கேட்குமா?

இந்த வகைக்குப் பெயரே 'ஓவர் இயர்'. காதை முழுவதும் உள்ளே வாங்கிக்கொண்டு சுற்றிலும் மண்டையில் உட்கார வேண்டும். ஒரு நாள் வலி பொறுக்காமல் மகனின் ஸ்கேலை எடுத்து அளந்தேன். குழியின் உள்நீளம் நாலரை சென்டிமீட்டர். என் காது ஆறு சென்டிமீட்டர். ஒன்றும் யானைக் காது இல்லை, வளர்ந்தவர்களின் காது ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். ஆக, இது காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே ஏறி உட்காருகிறது. பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு.

இதில் தோடு போட்டிருந்தால் தீர்ந்தது கதை. மெத்தை காதுமடலை அழுத்த, திருகாணி பின்னால் போய்க் குத்துகிறது. பரங்கிமலை வருவதற்குள் ஊசி ஏற்றியது போல வலிக்கும். போதாக்குறைக்கு மூக்குக்கண்ணாடியின் காம்பு வேறு. ஹெட்போன் மதிப்புரை என்று நான் பார்த்துத் தொலைத்த காணொளிகள் முப்பதாவது இருக்கும். ஒன்றில்கூடத் திருகாணி என்ற சொல் வரவில்லை. இந்த ஊரில் பாதிப் பேர் காதில் தோடு இருக்கிறது ஐயா! தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் அதைப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். மூளிக் காதோடு போய் நின்றால் என் அம்மா வாசல்படி ஏறவிட மாட்டார்.

மெத்தைக்கு வருகிறேன். 'புரோட்டீன் லெதர்' என்று எழுதியிருந்தது. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். இந்த விலையில் வருவது பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் படலத்தின் பிணைப்புகள் மெல்ல மெல்ல அறுந்து, பூச்சு வெடித்து உரியும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சென்னையில் ஈரமும் வெப்பமும் இல்லாத மாதம் எது? மார்கழியில் ஒரு பத்து நாள் சொல்லலாம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்த பொருளைச் சித்திரை வெயிலில் ரயிலேறுகிறவர் தலையில் கட்டுகிறார்கள். துணி மெத்தை போட்டால் என்ன குடியா முழுகிப்போகும்? பளபளப்பு இருக்காது, அவ்வளவுதான். படத்தில் பளபளப்புதானே விற்கிறது.

ஆனால் என்னை உண்மையிலேயே கொதிக்க வைத்தது வேறொன்று. 'ஈ.என்.சி. இரைச்சல் நீக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நானும் ரயில் இரைச்சல் அடங்கிவிடும் என்று நம்பி வாங்கினேன். வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: அது மைக்கில் நுழையும் இரைச்சலைக் குறைக்கிற ஏற்பாடு. அதாவது மறுமுனையில் இருப்பவருக்கு நிம்மதி, எனக்கில்லை. என் காதுக்கு வரும் இரைச்சலைக் குறைப்பது ஏ.என்.சி. வெளியே இருக்கும் ஓசையை ஒரு மைக் வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே உண்டாக்கி அடக்குவது. (போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில் உதித்தது, 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக விற்பனைக்கு வந்தது. அவருடைய தந்தை வங்காளத்துக்காரர்.) ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் எத்தனை பேர் பெட்டியைப் பிரித்து ஏமாந்திருப்பார்கள்! தெரியாமல் நடந்த தவறு என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

சரி, ஏ.என்.சி. இருப்பதை வாங்கினால்? தங்கையிடம் இருக்கிறது, இரண்டு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ரயிலின் அடிவயிற்று உறுமல், மின்விசிறியின் ரீங்காரம் இரண்டும் ஓரளவு தணிகின்றன. தொடர்ந்து ஒரே சீராக வரும் தாழ்ந்த ஓசையில்தான் அதன் பாச்சா பலிக்கும். சமோசா விற்பவரின் குரல், பக்கத்தில் ஒருவர் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கும் வாட்ஸ்அப் செய்தி, எதிர்வரும் ரயிலின் ஹாரன் எல்லாம் கூசாமல் உள்ளே வருகின்றன. ஆகவே ஒலியைக் கூட்டுகிறோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓடும் ரயிலில் அந்த அளவில் வைத்தால் பாடகர் வாயசைப்பது போலத்தான் இருக்கும்.

இனி அம்மாவின் கேள்வி. கும்பகோணத்திலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அழைப்பார். முதல் நாளே, "என்னடி, கிணற்றுக்குள் இறங்கி நின்றா பேசுகிறாய்?" என்றார். அலுவலகக் கூட்டத்தில் மேலாளரும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். ஏன் என்று தேடிப் பார்த்தேன். புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறொரு வழி. மைக் திறந்த நொடியே முதல் வழி மூடிக்கொள்ளும். இரண்டாவது வழி ஒற்றையடிப் பாதை: பழைய லேண்ட்லைன் போல ஒலியை நொடிக்கு எட்டாயிரம் முறை மட்டும் அளந்தெடுக்கும் (8 கிலோஹெர்ட்ஸ்), அதிர்ஷ்டம் இருந்தால் பதினாறாயிரம். மடிக்கணினியில் கூட்டம் தொடங்கியதும் மற்றவர் குரலெல்லாம் தகரடப்பாவுக்குள் போய்விடுவது இதனால்தான். இதற்குத் தீர்வான புது ஏற்பாடு, எல்.இ. ஆடியோ, 2020இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. பெட்டியில் 5.3 என்று போட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் என்றுதானே நினைப்போம்? கட்டாயம் இல்லையாம். எண்ணைப் போட்டுக்கொள்ளலாம், வசதியை விட்டுவிடலாம்.

பாட்டு எப்படி என்று கேட்பீர்கள். அடிநாதம், அடிநாதம், மேலும் அடிநாதம். மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியின் கும்கி ஒரு பூதம் போல எழுந்து வலப்பக்க வலந்தலையின் சொற்களை விழுங்கிவிடுகிறது. வயலின் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிக்கிறார்கள். தம்புரா என்று ஒன்று மேடையில் இருப்பதே தெரியாது. 40 மில்லிமீட்டர் என்பது தட்டின் விட்டம், அவ்வளவுதான். இட்லித் தட்டு பெரிதாக இருந்தால் இட்லி பஞ்சாக இருக்குமா?

பேட்டரியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அறுபது என்பது பாதி ஒலியில் அளந்த கணக்கு. என் ரயில் ஒலியில் நாற்பது வந்தது, வாரம் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும். ஆனால் அந்தச் சார்ஜ் போடுவதிலும் ஒரு கூத்து. துளை டைப்-சி. அலுவலக மடிக்கணினியின் சார்ஜரும் டைப்-சி. இரண்டையும் இணைத்தால் விளக்கு எரியாது. ஒரு முனை பழைய யு.எஸ்.பி.யாக இருக்கிற, அவர்கள் கொடுத்த அந்த ஒரு சாண் கயிறுதான் வேண்டும். 'நான் இங்கே இருக்கிறேன், மின்சாரம் கொடு' என்று சார்ஜருக்குச் சொல்லும் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டை உள்ளே வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. கடுகளவு உருப்படிகள், இரண்டும் சேர்ந்து ஒரு ரூபாய்கூட ஆகாது. அதில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் மகானுபாவர்கள்.

இதையெல்லாம் வாங்குமுன் தெரிந்துகொள்ள வழி உண்டா? 4.1 நட்சத்திரம் இருந்தது. மதிப்புரைகளை இப்போது திரும்பப் படித்துப் பார்த்தேன். "சீக்கிரம் வந்து சேர்ந்தது", "பெட்டி நசுங்கவில்லை", "நீல நிறம் அழகு". கூரியர்காரருக்குப் போட்ட நட்சத்திரங்கள் அவை! எல்லாம் பிரித்த அன்றே எழுதியவை. பெண் பார்த்துவிட்டு வந்த மாலையே மருமகளின் குணத்தைப் பற்றிச் சான்றிதழ் கொடுப்பது போல. என் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு இருந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டுப் படம் அனுப்பினால் கூடுதலாக மூன்று மாத உத்தரவாதம். இணைய மதிப்புரைகள் நேர்மையாக இருக்க வேண்டும் என்று 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலையே வெளியிட்டது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில். விரும்பினவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. கடைக்குப் போய்ப் போட்டுப் பார்க்கலாம் என்றால், விலை உயர்ந்தவை மட்டும்தான் வெளியே தொங்குகின்றன. நம் விலையில் இருப்பதைக் கேட்டால், "பெட்டியைப் பிரித்தால் எடுத்துக்கொள்ள வேண்டும் மேடம்" என்கிறார்கள்.

அந்தச் சீட்டின்படி நான் நட்சத்திரம் போடவில்லை. எனக்கு இருந்தது ஓராண்டு உத்தரவாதம். எறும்பு உதிர்ந்த மறுநாள் நிறுவனத்தை அழைத்தேன். மெத்தை தேய்மானப் பொருளாம், உத்தரவாதத்தில் வராதாம். காசு தருகிறேன், மெத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். உதிரியாக விற்பதில்லையாம். அப்படியானால் என்ன செய்வது என்றதற்கு அந்தப் பெண் சற்று யோசித்து, "புதிய மாடலுக்கு உங்களுக்கு 10 சதவீதக் கூப்பன் அனுப்பட்டுமா மேடம்?" என்றாள். அவள்மேல் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள், பாவம்.

சனிக்கிழமை, மின்னணுச் சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். நாலாவது கடையில் ஒரு பையன் ஹெட்போனை வாங்கித் திருப்பிப் பார்த்து, மாடல் பெயர்கூடக் கேட்காமல், மேலே தொங்கிய பையிலிருந்து ஒரு ஜோடி உருவினான். "180 ரூபாய், அக்கா. துணி மெத்தை, உரியாது." பழைய மெத்தையைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, புதியதை விரலால் சுற்றிலும் அமுக்கி மாட்டிக் கொடுத்தான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. குழியும் முன்பைவிடக் கொஞ்சம் அகலம். திருகாணி இன்னும் குத்தத்தான் செய்கிறது, ஆனால் எழும்பூர்வரை தாங்குகிறது.

திரும்பி வரும்போது கூப்பன் வந்திருந்தது. எண்பது மணி நேரம் ஓடுமாம் புதிய மாடல். மெத்தை அதே பளபளப்பு. படத்தில் அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காதில் தோடு இல்லை.